நாலு நாள் நிறுத்தினால் செல்ஃப் எடுக்கவில்லையா? பேட்டரியை மாற்றும் முன் மீட்டரை வையுங்கள்

கேள்வி: என்னிடம் இருப்பது கிக்கர் இல்லாத 150 சிசி பைக், நாலு வருட வண்டி. எட்டு மாதத்துக்கு முன்புதான் புது 9 ஏஎச் (ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரி போட்டேன். இப்போது நாலைந்து நாள் எடுக்காமல் விட்டால், செல்ஃப் அழுத்தும்போது 'டிக் டிக் டிக்' என்று ரிலே (செல்ஃப் மோட்டாருக்குக் கரண்ட் விடும் சுவிட்ச்) மட்டும் அடிக்கிறது. சார்ஜ் போட்டு மாட்டினால் நன்றாக ஓடுகிறது, அடுத்த வாரம் மறுபடி டவுன். மெக்கானிக் வேறு பேட்டரி போடச் சொல்கிறார். பேட்டரி மாற்றிய சமயத்தில்தான் ஜிபிஎஸ் டிராக்கரும் மாட்டினேன். என்ன செய்வது?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: இப்போதைக்குப் புது பேட்டரி வாங்காதீர்கள். வாங்கினாலும் அதற்கும் இதே கதி நேர வாய்ப்பு அதிகம்.

பேட்டரி அடிக்கடி டவுன் ஆகிறதென்றால் மூன்றில் ஒன்று நடக்கிறது. பேட்டரிக்குள்ளேயே செல் போயிருக்கும், அல்லது வண்டி ஓடும்போது சார்ஜ் ஏறாது, அல்லது சாவியை எடுத்த பிறகும் எங்கோ கரண்ட் இழுக்கும். தினமும் ஓட்டியும் நாளுக்கு நாள் செல்ஃப் தளர்ந்துகொண்டே வந்தால் சார்ஜிங்கைச் சந்தேகிக்க வேண்டும். ஓட்டுகிற நாட்களில் நன்றாக இருந்து, நிறுத்தினால் மட்டும் படுத்துவிட்டால் கரண்ட் கசிவுதான் முதல் சந்தேகம். உங்களுடையது இந்தக் கசிவு வகை. ஆனால் ஊகத்தை வைத்து எதையும் மாற்ற வேண்டாம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று இருந்தால் வீட்டு வாசலிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் பேட்டரி முழுசாக ஏறியிருக்க வேண்டும். பாதி சார்ஜில் எடுக்கிற எந்த ரீடிங்கையும் நம்ப முடியாது. 9 ஏஎச் பேட்டரிக்கு அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 0.9 ஆம்பியர் அளவில், சுமார் 10 மணி நேரம் சார்ஜ் போடுங்கள். அவசரத்துக்காகக் கார் பேட்டரி சார்ஜரில் 5 ஆம்பியர் வைத்து ஏற்றினால் பிளேட் சூடேறி வளையும். பைக் பேட்டரிகள் கடையிலேயே பாழாவது இப்படித்தான். சார்ஜரைக் கழற்றிய உடனே மீட்டர் காட்டுவது மேலோட்டமான வோல்ட்டேஜ். வண்டியில் மாட்டாமல் ஓர் இரவு தனியே வைத்துவிட்டுக் காலையில் பாருங்கள்.

12.7 வோல்ட் அல்லது அதற்கு மேல் இருந்தால் பேட்டரி முழுசாக நிற்கிறது. 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. முழு சார்ஜுக்குப் பிறகும் காலையில் 10.5 பக்கம் நின்றால் ஒரு செல் ஷார்ட் ஆகிவிட்டது. உள்ளே ஆறு செல்கள், ஒவ்வொன்றும் 2.1 வோல்ட் சுமார். ஒன்று போனால் அந்த இரண்டு வோல்ட் அப்படியே குறையும். அதைச் சார்ஜ் போட்டு மீட்க முடியாது. எட்டு மாதப் பேட்டரி என்பதால் வாரண்டி கார்டோடு கடைக்குப் போங்கள்.

12.7 நின்றால் வண்டியில் மாட்டுங்கள். மாட்டும்போது பாசிட்டிவ் முதலில், கழற்றும்போது நெகட்டிவ் முதலில். மாற்றிச் செய்தால் பாசிட்டிவில் இருக்கும் ஸ்பேனர் சேசிஸில் பட்டு நெருப்புப் பறக்கும். இப்போது மீட்டர் முனைகளைக் கேபிளில் வைக்காமல் பேட்டரியின் முனையிலேயே வைத்து, செல்ஃப்பை மூன்று விநாடி அழுத்தச் சொல்லுங்கள். 10 வோல்ட்டுக்குக் கீழே போகாவிட்டால் நல்லது. முழு சார்ஜிலும் 9.5க்குக் கீழே சரிந்தால் வோல்ட்டேஜ் இருக்கிறது, தெம்பு இல்லை என்று பொருள். பேட்டரி தேய்ந்துவிட்டது.

ரிலே சத்தத்தையும் கவனியுங்கள். 'டிக் டிக் டிக்' என்று படபடத்தால், ரிலே ஒட்டிய உடனே வோல்ட்டேஜ் விழுந்து ரிலே விட்டுவிடுகிறது, மறுபடி ஒட்டுகிறது. பேட்டரி டவுனாக இருந்தாலும் டெர்மினல் லூஸாக இருந்தாலும் இதே சத்தம்தான் வரும். 'டக்' என்று ஒரே ஒரு சத்தம் வந்து, மீட்டர் 12.5க்கு மேல் அசையாமல் நின்றால், பேட்டரியை விட்டுவிட்டு ரிலே காண்டாக்டையோ செல்ஃப் மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷையோ பார்க்க வேண்டும். எர்த் கேபிளைச் சோதிக்க, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை இன்ஜின் போல்ட்டிலும் வைத்து செல்ஃப் அடியுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. போல்ட்டைக் கழற்றித் துரு போக உப்புத்தாளால் தேய்த்து மாட்டினால் போதும்.

அடுத்தது சார்ஜிங். இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் மீட்டரை வைத்து 4000 – 5000 ஆர்பிஎம் வரை ஏற்றுங்கள். 2017 ஏப்ரல் முதல் வந்த வண்டிகளில் ஹெட்லைட்டை அணைக்க வழியில்லை, ஆகவே அது எரியும்போதே பாருங்கள். 13.8 முதல் 14.5 வரை வந்தால் சரி. 15க்கு மேல் போனால் ஆர்ஆர் யூனிட், அதாவது ரெகுலேட்டர் ரெக்டிஃபையர், போய்விட்டது. பேட்டரியை அவித்து உப்ப வைத்துவிடும், உடனே மாற்றுங்கள். ஆர்பிஎம் ஏற்றியும் 13ஐத் தாண்டாவிட்டால் முதலில் ஆர்ஆர் யூனிட்டின் கப்ளரை (வயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் பிளக்) கழற்றி உள்ளே பாருங்கள். வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பேறி, ஒரு பின் கருகியிருப்பது சாதாரணமாகக் காணக்கூடியது. பிறகு இன்ஜினுக்குள் கரண்ட் உண்டாக்கும் மேக்னெட் காயில். பல வண்டிகளில் அங்கிருந்து மூன்று மஞ்சள் வயர்கள் வரும். இன்ஜின் அணைந்த நிலையில், எந்த இரண்டுக்கும் இடையே 1 ஓமுக்குக் குறைவாகக் காட்ட வேண்டும், எந்த வயருக்கும் இன்ஜின் பாடிக்கும் இடையே தொடர்பே இருக்கக் கூடாது. பாடியோடு தொடர்பு காட்டினால் காயில் எரிந்திருக்கிறது. காயில் நன்றாக இருந்து சார்ஜ் மட்டும் வரவில்லை என்றால் யூனிட்தான். இன்ஜின் ஓடும்போது பேட்டரியைக் கழற்றிப் பார்க்கும் பழைய வழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம், இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் மின்னணு யூனிட்) போய்விடும்.

இனி உங்கள் வண்டிக்கு முக்கியமான சோதனை. சாவியை எடுத்துவிட்டு நெகட்டிவ் கேபிளைக் கழற்றுங்கள். மீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளையில் மாற்றி, டயலை டிசி 10 ஆம்பியருக்குத் திருப்புங்கள். ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையைக் கழற்றிய கேபிளிலும் வைத்தால், வண்டி இழுக்கிற கரண்ட் முழுவதும் மீட்டர் வழியாகப் போகும். இந்த நிலையில் சாவியைத் திருப்பவோ செல்ஃப்பைத் தொடவோ கூடாது, தொட்டால் மீட்டர் போய்விடும். 0.1க்குக் கீழே காட்டினால் சிவப்பு வயரை மில்லி ஆம்பியர் துளைக்கும் டயலை 200 மில்லி ஆம்பியர் ரேஞ்சுக்கும் மாற்றி, ஐந்து நிமிடம் அப்படியே விடுங்கள்.

கடிகாரத்துக்கும் இசியு மெமரிக்கும் சில மில்லி ஆம்பியர் போவது இயல்பு. 2 மில்லி ஆம்பியர் என்றால் 9 ஏஎச் பேட்டரி தீர 4500 மணி நேரம், ஆறு மாதம் ஆகும். உங்கள் வண்டி நாலரை நாளில், அதாவது 108 மணி நேரத்தில், படுக்கிறது. பேட்டரி பாதி தீர்ந்தாலே செல்ஃப் திணறும் என்று வைத்தால், 4.5 ஏஎச்சை 108ஆல் வகுத்தால் ஏறக்குறைய 42 மில்லி ஆம்பியர். மீட்டர் 40 பக்கம் காட்டினால் கணக்கு ஒத்துப்போகிறது.

அப்போது டிராக்கரின் வயரை முதலில் பிடுங்குங்கள். டிராக்கர் உறங்கும்போது சொற்பமாகத்தான் எடுக்கும், சிக்னல் சரியாகக் கிடைக்காத ஷெட்டிலோ அடித்தளப் பார்க்கிங்கிலோ நின்றால் டவரைத் தேடித் தேடி உறங்காமலே இழுக்கும். ரீடிங் சட்டென்று விழுந்தால் குற்றவாளி அதுதான். விழாவிட்டால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள், பேட்டரியில் நேரடியாக இணைத்த மொபைல் சார்ஜர் சாக்கெட் இருந்தால் அதையும். கடைசியாக ஆர்ஆர் யூனிட் கப்ளர். உள்ளே இருக்கும் டையோடு (கரண்டை ஒரே திசையில் விடும் பாகம்) கசிந்தால் கரண்ட் காயில் வழியாகத் திரும்பி ஓடும்.

மொபைல் சார்ஜர் என்றால் சாவி போட்டால் மட்டும் சப்ளை வரும் வயருக்கு மாற்றிவிடலாம். டிராக்கருக்கு 24 மணி நேரமும் சப்ளை தேவை என்பதால் அதன் ஆப்பில் ஸ்லீப் மோட் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் வண்டியை எடுக்காத வாரங்களில் ஒரு இரவு சார்ஜ் போடுவதைத் தவிர வழியில்லை. மளிகைக்கடை வரை இரண்டு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்தால் அது ஈடாகாது. ஹெட்லைட் போக மிச்சம் 1 ஆம்பியர் ஏறுகிறதென்றாலும் பத்து நிமிடத்தில் திரும்பக் கிடைப்பது 0.17 ஏஎச்தான், கசிவு ஒரு நாளில் எடுத்ததோ 1 ஏஎச்.

இத்தனை முறை முழுசாகத் தீர்ந்த பேட்டரியின் பிளேட்டில் சல்பேட் படிந்து கெட்டித்திருக்கக்கூடும். ஆகவே கசிவை அடைத்த பிறகு முழு சார்ஜ் போட்டு, அந்த மூன்று விநாடி செல்ஃப் சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள். 9.5க்குக் கீழே போனால் அப்போது புது பேட்டரி வாங்கலாம். ஆசிட் ஊற்றி மாட்டும் வகையாக இருந்தால், ஊற்றிய அரை மணியில் வண்டியில் போட விடாமல் கடையிலேயே முதல் சார்ஜ் போட்டு வாங்குங்கள். தேறினால் வண்டியை ஐந்து நாள் தொடாமல் நிறுத்திவிட்டு, ஆறாம் நாள் காலையில் செல்ஃப் அடிக்கும் முன் மீட்டரை வையுங்கள். 12.5க்கு மேல் நின்றால் இப்போதிருக்கும் பேட்டரியே போதும்.