முலாம்பழம் வாங்கும்போது காம்புக் குழியைப் பாருங்கள்

கேள்வி: வலைக்கோடு போட்ட முலாம்பழம் இரண்டு வாங்கினேன். கல் மாதிரி இருந்ததால், பழுத்து இனிக்கட்டும் என்று ஒரு வாரம் மேசையிலேயே வைத்தேன். ஒன்று அழுகிவிட்டது. இன்னொன்று குழைந்தும் சப்பென்றே இருந்தது. அதைப் பாலோடு அடித்து ஃப்ரிட்ஜில் வைத்தேன். மாலையில் குடித்தால் ஒரே கசப்பு. பழத்தில் கோளாறா, நான் செய்ததில் கோளாறா?

பதில்: சப்பென்று இருந்ததற்குக் காரணம் பழம். கசந்ததற்குக் காரணம் பாலும் பழமும் மணிக்கணக்கில் ஒன்றாக இருந்தது. இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

வாழைக்காயில் மாவுச்சத்து நிறைய இருக்கிறது. பறித்த பிறகு அது சர்க்கரையாக மாறுவதால் வீட்டில் வைத்தாலும் இனிக்கும். முலாம்பழத்துக்கு அந்தச் சேமிப்பு கிடையாது. கொடியில் இருக்கும் கடைசி நாட்களில்தான் சர்க்கரை மளமளவென்று ஏறும். பறித்தபோது எவ்வளவு இனிப்போ, அவ்வளவுதான். வீட்டில் வைத்தால் மணம் கூடும், சதை இளகும்; இனிப்பு கூடாது. அதனால் வாங்கும் நேரத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

பழத்தைத் தூக்கி முதலில் காம்புப் பக்கம் பாருங்கள். வலைக்கோட்டு வகை நன்றாக முற்றியதும் காம்பைச் சுற்றி மெல்லிய விரிசல் விடும். லேசாகத் தொட்டாலே கொடியைவிட்டுக் கழன்றுகொள்ளும். அப்படிக் கழன்ற பழத்தில் அந்த இடம் சின்னக் கிண்ணம் போல வழவழவென்று குழிந்திருக்கும். காம்புத் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தாலோ, அந்த இடம் பிய்த்தெடுத்தது போலிருந்தாலோ அவசரப்பட்டுப் பறித்தது என்று அர்த்தம். அதைக் கீழே வைத்துவிடுங்கள். குழியில் பூஞ்சணமோ ஈரக்கசிவோ இருந்தாலும் வேண்டாம்.

அப்புறம் வலைக்கோடுகளுக்கு நடுவே தெரியும் தோலின் நிறம். பச்சை போய் மஞ்சளோ வெளிர்பழுப்போ வந்திருக்க வேண்டும். காம்புக்கு எதிர்ப்புறம், பூ உதிர்ந்த முனையைக் கட்டைவிரலால் அழுத்தினால் சற்றே இடம் கொடுக்க வேண்டும். முகர்ந்தால் இனிய மணம் வர வேண்டும். புளித்த வாடை அடித்தால் பதம் தாண்டிவிட்டது. ஒரே அளவுப் பழங்களில் கனமானதை எடுங்கள்.

வழுவழுப்பான தோலுள்ள ஹனிடியூ வகைக்குக் காம்புச் சோதனை செல்லாது. அது முற்றினாலும் தானாகக் கழலாது, மணமும் குறைவு. தோல் பச்சை கலந்த வெள்ளையிலிருந்து வெண்ணெய் நிறத்துக்கு மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

மணம் வராத முழுப்பழத்தை இரண்டு மூன்று நாள் வெளியே வைக்கலாம். மணம் வந்ததும் ஃப்ரிட்ஜுக்குள். அங்கே நாலைந்து நாள் தாங்கும். கீரைக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள். பழம் விடும் எத்திலீன் வாயுவால் கீரை சீக்கிரம் பழுத்துப்போகும்.

வெட்டும்முன் தோலைக் குழாய்த் தண்ணீரில் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவித் துடைத்துவிடுங்கள். இதை மட்டும் தயவுசெய்து விடாதீர்கள். வலைக்கோட்டு இடுக்கில் ஒளிந்திருக்கும் கிருமியைக் கத்தி அப்படியே சதைக்குள் கொண்டுபோகும். புளிப்பு மிகக் குறைந்த சதையில் அது வேகமாகப் பெருகும். 2011-ல் அமெரிக்காவில் லிஸ்டீரியா கிருமி தொற்றிய முலாம்பழங்களால் 147 பேர் நோயுற்றார்கள், 33 பேர் இறந்தார்கள். வெட்டிய துண்டுகளை மூடிபோட்ட டப்பாவில் ஃப்ரிட்ஜில் வைத்து மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்ததைச் சாப்பிட வேண்டாம்.

இப்போது கசப்புக்கு வருவோம். முலாம்பழத்தில் குக்குமிசின் என்றொரு நொதி இருக்கிறது, புரதத்தை உடைக்கும் வேலை அதற்கு. பாலில் கலந்ததும் பால் புரதத்தைத் துண்டு துண்டாக்கும். அந்தத் துண்டுகள்தான் நாக்கில் கசக்கின்றன. அடித்த உடனே குடித்தால் ஒன்றும் தெரியாது; நேரம் போகப் போக ஏறும். ஆகவே பாலோடு அடித்தால் அப்போதே குடித்துவிடுங்கள். நேரம் கழித்துத்தான் வேண்டும் என்றால், பழக்கூழை மட்டும் கொதிக்கவிட்டு ஆறவைத்துப் பிறகு பால் சேருங்கள். இளஞ்சூடு போதாது, இந்த நொதி வெப்பத்தை நன்றாகத் தாங்கும். விதையைச் சுற்றியுள்ள சாற்றில் இது அதிகம் என்பதால் பால் சேர்க்கும்போது அதை ஒதுக்கிவிடுங்கள். பால் சேராத ஜூஸ் என்றால் அந்தச் சாற்றை வடிகட்டிச் சேருங்கள், நல்ல ருசி. வெறும் பழமே கடுமையாகக் கசந்தால் விஷயம் வேறு. அதைத் தின்னாமல் எறிந்துவிடுங்கள்.

சரி, சப்பென்ற பழம் கைக்கு வந்துவிட்டது, என்ன செய்வது? ஒரு சிட்டிகை உப்பும் சில துளி எலுமிச்சைச் சாறும் போட்டாலே இருக்கிற இனிப்பு எடுப்பாகத் தெரியும். எனக்குப் பிடித்தது வாட்டுவது. விரல் கனத்துக்கு நறுக்கி, ஈரத்தை ஒற்றி எடுத்து, நன்றாகக் காய்ந்த தவாவில் பக்கத்துக்கு ஒன்றிரண்டு நிமிடம் போடுங்கள். தண்ணீர் வற்றிச் சர்க்கரை திரண்டு விளிம்பு பழுப்பாகும்போது எடுத்து மிளகுத்தூள் தூவுங்கள். ஜாம் செய்வதென்றால் எலுமிச்சைச் சாறு கட்டாயம். புளிப்பும், ஜாமை இறுகவைக்கும் பெக்டினும் குறைந்த பழம், இல்லாவிட்டால் பாகாகவே நிற்கும். கொதித்தால் மணம் போய்விடும் என்பதால் இறக்கும் முன் ஒரு கைப்பிடி பழத்தைப் பொடியாக நறுக்கிப் போட்டு ஒரே ஒரு கொதி விடுங்கள். அடியோடு பழுக்காத பழத்தை வெள்ளரிக்காயாகவே நினைத்துக்கொள்ளுங்கள், இரண்டும் நெருங்கிய சொந்தம்தான். தோல் சீவி மெல்லியதாக நறுக்கிச் சாலட்டில் போடலாம், சூப்பிலும் போடலாம்.