சேற்றை மிதித்தவர்கள்

அன்புள்ள ஐயா,

நாங்கள் வர்ஜீனியாவில், ரிச்மண்டில் இருக்கிறோம். ஊரிலிருந்து அப்பா வந்திருந்ததால் ஜூலையில் குடும்பத்தோடு காலனியல் வில்லியம்ஸ்பர்க் போனோம். 18ஆம் நூற்றாண்டு ஊரையே அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். அந்தக் கால உடையில் ஆட்கள் வேலை செய்கிறார்கள், கேட்டால் பதில் சொல்கிறார்கள். கொல்லுப்பட்டறையில் துருத்தியைப் பார்த்ததும் அப்பா, "நம்ம ஊர் ஆசாரி பட்டறை மாதிரியே இருக்குடா" என்று முக்கால் மணி நேரம் நகரவில்லை. செங்கல் அறுக்கும் இடத்தில் என் ஒன்பது வயது மகள் மற்ற பிள்ளைகளோடு இறங்கிக் களிமண் மிதித்தாள். ஒரே கும்மாளம்.

மதியம், அடிமைப் பெண்ணாக நடித்த ஒருவர் பேசினார். மகள் கையைத் தூக்கி, "அப்போ அந்தச் சேற்றை யார் மிதிச்சாங்க?" என்று கேட்டாள். "உன் வயசுப் பிள்ளைங்களும் அங்கே வேலை செஞ்சாங்க. அவங்களுக்கு அது விளையாட்டு இல்லை" என்றார் அவர். மகள் அதன்பின் பேசவே இல்லை. இரவு அழுதாள். சுற்றிப் பார்க்கப் போன இடத்தில் குழந்தைக்கு இது தேவையா என்கிறாள் மனைவி. எனக்கு வேறொரு சங்கடம். இவ்வளவு பெரிய துயரத்தை டிக்கெட் போட்டு நடித்துக் காட்டலாமா?

ச., ரிச்மண்ட்

அன்புள்ள ச.,

உங்கள் மகளின் கேள்வியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அந்த ஊரில் கேட்கவேண்டிய கேள்வி அதுதான். அந்த அருங்காட்சியகம் அதைத் தன்னிடமே கேட்டுக்கொள்ள ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

வில்லியம்ஸ்பர்க் 1699 முதல் 1780 வரை வர்ஜீனியாவின் தலைநகர். அப்புறம் தலைநகர் உங்கள் ரிச்மண்டுக்குப் போய்விட, ஊர் மெல்ல மங்கியது. 1926இல் குட்வின் என்ற பாதிரியாரும் பெருஞ்செல்வந்தர் ஜான் ராக்ஃபெல்லர் ஜூனியரும் அதை மீட்டெடுக்கத் தொடங்கினார்கள். நீங்கள் பார்த்த ஆளுநர் மாளிகை பழைய கட்டடம் அல்ல. மூலக் கட்டடம் 1781இல் எரிந்துபோனது. பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ஜெஃபர்சன் கைப்பட வரைந்த தரைப்படம் கிடைத்தது. ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் மாளிகையின் முகப்பைக் காட்டும் பழைய செப்புத்தகடு அகப்பட்டது. மண்ணைத் தோண்டி அடித்தளத்தைக் கண்டார்கள். இத்தனையையும் வைத்துக் கட்டி 1934இல் திறந்தார்கள்.

ஒரு சுவரின் உயரத்துக்கு இவ்வளவு ஆதாரம் தேடியவர்கள், அந்தச் சுவரை எழுப்பியவர்களைப் பற்றி வெகுகாலம் வாய் திறக்கவில்லை. அமெரிக்கப் புரட்சியின்போது அந்த ஊரில் பாதிக்கு மேற்பட்டோர் கறுப்பின மக்கள். அவர்களில் பெரும்பாலோர் அடிமைகள். 1979இல்தான் கறுப்பின நடிகர்கள் அந்த மனிதர்களாக நின்று தெருவில் பேசத் தொடங்கினார்கள்.

உங்கள் சங்கடம் எனக்குப் புரிகிறது. அது உங்களுக்கு மட்டும் வந்ததும் அல்ல. 1994 அக்டோபரில் அங்கே ஓர் அடிமை ஏலத்தை நடித்துக் காட்டியபோது, கறுப்பின உரிமை அமைப்பினரே வந்து எதிர்த்தார்கள். நம் முன்னோர்களின் வலியை வேடிக்கையாக்காதே என்றார்கள். அதை முன்னின்று நடத்திய கிறிஸ்டி கோல்மனும் கறுப்பினப் பெண்தான். ஏலம் விடப்படும் கர்ப்பிணியாக அவரே நடித்தார். எதிர்க்க வந்தவர்களில் ஒருவர் முழுவதையும் பார்த்தபின் தன் கருத்தை மாற்றிக்கொண்டார். எல்லோரும் மாறவில்லை. நான் கோல்மன் பக்கம். டிக்கெட் அன்றைக்கு முன்பும் இருந்தது. அதே காசுக்கு மாளிகையையும் பீங்கான் தட்டுகளையும் மட்டும் காட்டி அனுப்பிய காலம்தான் எனக்கு அதிகச் சங்கடம் தருகிறது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அந்த ஊரில் 1776இல் தொடங்கிய கறுப்பினத் தேவாலயம் ஒன்று உண்டு, ஃபர்ஸ்ட் பேப்டிஸ்ட். அதன் 19ஆம் நூற்றாண்டுக் கட்டடத்தை இதே அருங்காட்சியகம் வாங்கி 1955இல் இடித்தது. இடம் கார் நிறுத்துமிடமானது. 2020இல் அதே நிறுவனம் அங்கே அகழாய்வைத் தொடங்கியது. தாருக்குக் கீழே 60க்கும் மேற்பட்ட கல்லறைகள் இருந்தன. தான் மூடியதைத் தானே தோண்டிப் பார்க்கும் இடம் என்பதால்தான் எனக்கு அதன்மேல் மரியாதை.

உங்கள் மனைவியின் கவலை நியாயமானது. ஒன்பது வயதுக்கு அது கனமான பதில். ஆனால் அந்த நடிகை குழந்தையிடம் பொய் சொல்லவில்லை, பயமுறுத்தவும் இல்லை. தினமும் நூறு பேர் முன்னால் அடிமையாக நின்று, கேட்பவர் எல்லோருக்கும் பொறுமையாகப் பதில் சொல்வது லேசான வேலை அல்ல. அடுத்த முறை முடிந்தால் அவர் ஓய்வாக இருக்கும் நேரத்தில் மகளை அழைத்துப்போய் ஒரு வணக்கம் சொல்லவையுங்கள். அவர் இந்தக் காலத்து மனுஷி, சாயங்காலம் வீட்டுக்குப் போகிறவர் என்று பார்த்தால் குழந்தைக்கு மனம் லேசாகும்.

அங்கேயே பிரே பள்ளிக்கும் போங்கள். 1760 முதல் 1774 வரை ஆன் வேகர் என்ற ஆசிரியை அந்தப் பள்ளியில் சில நூறு கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார். பெரும்பாலான பிள்ளைகள் அடிமைகள். வாசிக்கக் கற்றார்கள்; எஜமானுக்கு அடங்கி நடப்பதும் பாடத்தில் இருந்தது. பள்ளி முதலில் நடந்த கட்டடம் கல்லூரி வளாகமொன்றில் யாரும் கவனிக்காமல் நின்றது. மரச்சட்டங்களின் வளையங்களை ஆராய்ந்துதான் அதன் வயதை உறுதிசெய்தார்கள். 2023 பிப்ரவரியில் வீட்டை அப்படியே வண்டியில் ஏற்றித் தெருவழியாகக் கொண்டுவந்தார்கள். எழுத்தைப் பிடித்துக்கொண்டு பாடத்தை உதறிய பிள்ளைகளும் அதில் இருந்திருப்பார்கள் என்று நான் நம்புகிறேன். உங்கள் மகள் வயதுப் பிள்ளைகள்.

அப்பா இன்னும் உங்களோடு இருக்கிறாரா? துருத்தியை அடையாளம் கண்டவருக்குச் செங்கல் சூளையும் தெரிந்திருக்கும். முன்பணம் வாங்கிவிட்டுக் குடும்பத்தோடு சூளையில் மாட்டிக்கொண்டவர்களையும் தெரிந்திருக்கலாம். நம் நாட்டில் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்ததே 1976இல்தான், அதற்குப் பிறகும் தமிழ்நாட்டுச் சூளைகளிலிருந்து ஆட்களை மீட்டுக்கொண்டேதான் இருந்தார்கள். அவர் விமானம் ஏறுவதற்குள் ஒருநாள் சாப்பாட்டுக்குப் பிறகு பேத்தியைப் பக்கத்தில் உட்காரவையுங்கள். அதே கேள்வியை அவள் தாத்தாவிடம் கேட்கட்டும். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.