வாயுவுக்குப் படிக்கட்டு தெரியாது

நடந்தால் இதயம் தேய்ந்துவிடுமா, ட்ரோபோனின் (இதயத்தசை அடிபட்டால் ரத்தத்தில் கசியும் புரதம்) ஏறிவிடுமா என்று பயந்து எழுதியிருக்கிறீர்கள். நடப்பதால் இதயம் தேயாது. 54 வயதில் மாரடைப்பில் போன தந்தையும், 52-ஐத் தொட்டுவிட்ட நீங்களும்தான் கடிதம் முழுக்க நிற்கிறீர்கள். ட்ரோபோனின் சும்மா சாக்கு. மாரத்தான் ஓடியவர்களுக்கு அது சற்று ஏறும், பெரும்பாலும் ஓரிரு நாளில் இறங்கிவிடும். நீங்கள் நடப்பதோ அரைமணி நேரம்! இணையத்தில் படித்ததை மூடி வையுங்கள்.

இதயத்தசை செல்கள் புதிதாக உருவாவது உங்கள் வயதில் ஆண்டுக்கு நூற்றில் ஒன்றுகூடத் தேறாது. எனவே இருப்பதைக் காப்பாற்ற வேண்டும், அதற்குத்தான் பயிற்சி. நடக்கும்போது இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் கூடுகிறது, அறைகள் விரிகின்றன, செல்கள் இழுபடுகின்றன. அந்தச் சிறு நெருக்கடியில் பழகிய செல், தீங்கான ஆக்சிஜன் மூலக்கூறுகளை அடக்கும் நொதிகளைக் கூட்டிக்கொள்கிறது. 1986-ல் நாய்களின் இதய ரத்தக்குழாயை ஐந்தைந்து நிமிடமாக நான்கு முறை அடைத்துத் திறந்தார்கள், பிறகு 40 நிமிடம் அடைத்தார்கள். முன்பே பழக்கப்பட்ட இதயங்களில் செத்த தசை, பழகாதவற்றில் செத்ததில் கால்வாசிதான். சில நாள் ஓடவிட்ட எலிகளிலும் இதேபோன்ற பாதுகாப்பைப் பார்த்திருக்கிறார்கள். ஓட்டத்தை நிறுத்தினால் சில வாரங்களில் அது கரைந்துவிடும்.

யாரைக் கேட்டு அந்த வைட்டமின் சி, இ மாத்திரைகளை விழுங்குகிறீர்கள்? அவை அந்த ஆக்சிஜன் மூலக்கூறுகளைத் தாமே அடக்கிவிடும்; செல் பாடம் கற்பதோ அந்த நெருக்கடியில்தான். அதிக அளவில் எடுத்தால் பயிற்சியின் பலனையே மழுங்கடிக்கலாம். நிறுத்துங்கள். படுத்திருக்கும்போது எப்போதாவது ஒரு துடிப்பு தவறுவதற்கெல்லாம் பயப்பட வேண்டாம்.

கடைசி வரிக்கு வருகிறேன். மாடி ஏறினால் நடுநெஞ்சில் அழுத்தம், நின்றால் இரண்டு நிமிடத்தில் போய்விடுகிறது, 'வாயுவாக இருக்கும்' என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் படி ஏறுவது வாயுவுக்கு எப்படித் தெரியும்? உழைத்தால் வந்து ஓய்ந்தால் போகும் அழுத்தம், இதயக் குழாய் சுருங்கியிருப்பதன் அடையாளமாக இருக்கலாம். பயிற்சி செல்லைத் தாங்கவைக்கும், அடைப்பை அகற்றாது. இந்த வாரமே இதய மருத்துவரைப் பாருங்கள். ஓய்வில் எடுக்கும் ஈசிஜி சரியாக இருக்கிறதென்று திரும்பிவிடாதீர்கள். நடக்கவிட்டு ஈசிஜி பார்க்கும் டிரெட்மில் சோதனையா, இதயக் குழாய்களைப் படமெடுக்கும் சிடி ஆஞ்சியோகிராமா என்பதை அவர் முடிவு செய்யட்டும். அதுவரை வேக நடையும் மாடியும் வேண்டாம்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே அழுத்தம் வந்தாலோ, சில நிமிடங்களில் அடங்காவிட்டாலோ, வியர்த்துத் தாடைக்கோ கைக்கோ பரவினாலோ உடனே ஆம்புலன்ஸ். நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு போகக் கூடாது.