அப்பாவின் போனில் நன்றாக இருந்த பர்மியப் பெயர்கள் புதுப் போனில் உடைவது ஏன்?

கேள்வி: யாங்கூனில் அப்பாவின் மளிகைக் கடையை இப்போது நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அவருடைய பழைய போனிலிருந்த நம்பர்களைப் புதுப் போனுக்கு மாற்றினேன். தமிழில் எழுதியிருந்த பெயர்கள் அப்படியே வந்துவிட்டன. பர்மிய எழுத்தில் இருந்தவை மட்டும் புள்ளி வட்டமும் உடைந்த குறிகளுமாகத் தெரிகின்றன. போன் கடைப் பையன், “பழைய ஃபாண்ட் போட்டால் சரியாகிவிடும்” என்கிறான். போடலாமா அண்ணே?

பதில்: வேண்டாம்மா. அந்த ஃபாண்டைப் போட்டால் அப்பாவின் பட்டியல் சரியாகும். வங்கியிலிருந்து வரும் எஸ்எம்எஸ்ஸும் இன்றைய செய்திகளும் உடையும். உங்கள் போனில் கோளாறு இல்லை, பெயர்களும் அழியவில்லை.

எழுத்து என்று நாம் பார்ப்பது போனுக்குள் வெறும் எண்தான். உலகத்துக்கே பொதுவான எண் வரிசை யூனிகோட். பர்மாவில் அது பரவுவதற்கு முன்பே ஜோஜி என்ற ஃபாண்ட் பரவிவிட்டது. 2014-ல் புதுக் கம்பெனிகள் வந்து சிம் 1500 கியாத்துக்கு இறங்கியபோது, ஊரே வாங்கிய போன்களில் பெரும்பாலும் ஜோஜிதான். அரசு 2019 அக்டோபர் 1 முதல் யூனிகோட் என்று அறிவித்தது. அப்பாவின் போன் அதற்கு முந்தையதாக இருக்கும்.

ஜோஜியின் சிக்கல் ஒரு தனி ரகம். தமிழிலும் ஒரு காலத்தில் ஆளுக்கொரு ஃபாண்ட் இருந்தது. ஆனால் அவை ஐரோப்பிய எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருந்தன. ஃபாண்ட் இல்லையென்றால் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும், பழசு என்று உடனே புரிந்துவிடும். ஜோஜியோ யூனிகோட் பர்மியத்துக்கு ஒதுக்கிய அதே எண்களையே எடுத்துக்கொண்டு, சிலவற்றுக்கு வேறு பொருள் கொடுத்தது. பர்மாவின் மற்ற மொழிகளான மோன், ஷான், கரேன் எழுத்துகளுக்கு உரிய இடங்களையும் அது விட்டுவைக்கவில்லை. வரிசையும் வேறு. நாம் ‘கெ’ எழுதும்போது கொம்பு முன்னால் தெரிந்தாலும் போனுக்குள் க முதலில், கொம்பு பிறகு. யூனிகோட் பர்மியத்திலும் அப்படித்தான். ஜோஜியில் கண்ணுக்குத் தெரிகிற வரிசையே சேமிக்கிற வரிசை. அதனால் ஒரு பெயர் எந்த முறையில் எழுதப்பட்டது என்று போனுக்கு உறுதியாகத் தெரியாது, ஊகிக்கத்தான் வேண்டும். நான்கெழுத்துப் பெயரில் அந்த ஊகம் எளிதில் தப்பும்.

ஆகவே பிரித்தெடுக்கும் வேலை உங்களுடையது. முதலில் முழுப் பட்டியலையும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். கணினியில் கூகுள் காண்டாக்ட்ஸைத் திறந்து, உடைந்த பெயர்களை மட்டும் ‘பழசு’ என்றொரு லேபிளில் போடுங்கள். நன்றாகத் தெரிகிற பர்மியப் பெயர் ஏற்கெனவே யூனிகோடில் இருக்கிறது. அதை மாற்றினால் அதுவும் கெட்டுவிடும். ஒரே பெயரை இரண்டு முறை மாற்றினாலும் அதே கதிதான். தமிழ்ப் பெயர்களைப் பற்றிக் கவலை வேண்டாம், அவற்றின் எண்கள் வேறு பக்கம்.

அந்த லேபிளை மட்டும் கூகுள் சிஎஸ்வி (பட்டியலை வெறும் எழுத்தாக வைக்கும்) கோப்பாக இறக்குங்கள். போன் நேரடியாகத் தரும் விசிஎஃப் கோப்பில் பெயர்கள் பல சமயம் சமக்குறியும் எண்ணுமாக மறைந்திருக்கும். ஜோஜியை யூனிகோடாக்கும் ‘மாற்றி’ (கன்வெர்ட்டர்) அதைப் படிக்காது. சிஎஸ்வியை எக்செலில் திறக்காதீர்கள். அது 09 என்று தொடங்கும் நம்பர்களின் பூஜ்யத்தைத் தின்றுவிடும். கடைக்காரருக்கு அதைவிடப் பெரிய நஷ்டம் என்ன? நோட்பேட் போதும். அதிலிருப்பதை மொத்தமாக ஒரு ஜோஜி–யூனிகோட் மாற்றியில் ஒட்டி, வருவதைச் சேமித்து, மறுபடி கூகுளில் ஏற்றுங்கள். ராபிட் கன்வெர்ட்டர் பலரும் பயன்படுத்துவது. எந்த மாற்றியானாலும் பக்கம் திறந்ததும் இணையத்தை அணைத்துவிட்டு ஒரு சொல்லைப் போட்டுப் பாருங்கள். அப்போதும் மாறினால் வேலை உங்கள் கணினியிலேயே நடக்கிறது. வாடிக்கையாளர் நம்பர்களைத் தெரியாத சர்வருக்கு அனுப்புவதில் எனக்குச் சம்மதமில்லை. பத்துப் பதினைந்து பெயர்களைச் சரிபார்த்த பிறகு ‘பழசு’ லேபிளில் இன்னும் உடைந்து தெரிகிறவற்றை மட்டும் அழித்துவிடலாம்; மாற்றி ஏற்றியவையும் அதே லேபிளோடு வந்திருக்கலாம்.

வைபர் அரட்டைச் செயலியில் கிடக்கும் பழைய பேச்சுகளை மொத்தமாக மாற்றப் போகாதீர்கள், அது வீண் வேலை. கடன் கணக்கு மாதிரி அவசியமான செய்தியை மட்டும் நகலெடுத்து மாற்றியில் ஒட்டிப் படித்துக்கொள்ளுங்கள். பேஸ்புக் 2019-லேயே தானாக மாற்றிக் காட்டத் தொடங்கிவிட்டது.

அப்புறம் கீபோர்டு. அந்தப் பையன் ஃபாண்டோடு சேர்த்து ஏதாவது கீபோர்டையும் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். கீபோர்டுக்கு நீங்கள் தட்டுகிற ஒவ்வொரு எழுத்தும் தெரியும், வங்கிப் பாஸ்வேர்டு உட்பட. கூகுளின் ஜிபோர்டில் பர்மியமும் தமிழும் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துக்கொண்டால் இடைவெளிப் பட்டையை அழுத்திப் பிடித்து மாற்றிக்கொள்ளலாம். அப்பா இன்னும் பழைய போனில்தான் எழுதுகிறார் என்றால், அவர் புதிதாகச் சேர்க்கும் பெயர்கள் உங்களிடம் மறுபடி உடைந்துதான் வரும். அதனால் அவர் போனில் யூனிகோட் கீபோர்டு ஏறுமா என்று இந்த வாரமே பாருங்கள்.