தாத்தாவின் பட்டாள பூட்ஸுக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாமா?

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் பர்மாவுக்குப் போன தாத்தாவின் பூட்ஸ் பரணில் கிடைத்தது. தோல் விறைத்துவிட்டது, அடியில் ஆணியெல்லாம் துரு. தேங்காய் எண்ணெயில் ஊறவைத்து பாலிஷ் போடலாமா? போர்க்காலத்து பூட்ஸ்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எண்ணெய் வேண்டவே வேண்டாம். தடவிய புதிதில் தோல் மெத்தென்றுதான் இருக்கும், அப்புறம் சிக்குப் பிடித்துத் தூசியை இழுக்கும், கயிறு கோக்கும் ஓட்டைகளில் பித்தளை வளையம் இருந்தால் அதைச் சுற்றிப் பச்சைப் பிசுக்கு கசியும், மார்கழிக் குளிரில் கொழுப்பு வெள்ளையாக வெளியே பூக்கும், அதைப் பூஞ்சை என்று நினைத்து யாராவது வெயிலில் காயப்போட்டால் தோல் வெடித்தே போகும். ஏற்கெனவே வெள்ளை பூத்திருந்தால் ஹேர் டிரையரைத் தள்ளிப் பிடித்து லேசாகச் சூடு காட்டுங்கள்: உருகினால் கொழுப்பு, இல்லாவிட்டால் பூஞ்சை.

பாலிஷுக்கு முன்னால் ஒரு சோதனை. உலர்ந்த வெள்ளைப் பருத்தித் துணியால் உள்பக்கத்தில் மெதுவாக ஒற்றிப் பாருங்கள். செங்கல் பொடி மாதிரி சிவப்பாக ஒட்டினால் தோல் உள்ளுக்குள் மக்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். மரப்பட்டை போட்டுப் பதனிட்ட பழைய தோலுக்கு வருகிற வியாதி இது, குணமாகாது. இதில் தண்ணீர் பட்டால் கறுத்து இறுகிவிடும், ஈரத்துணிகூடக் கூடாது. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் பழம்பொருட்களைக் காக்க வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் இருக்கிறது, அங்கே கேட்டுப் பார்க்கலாம். பொடி வராவிட்டாலும் மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும், பாலிஷ் தேவையில்லை.

ஆணிகளின் துருவை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து உதிர்த்துவிட்டு, இரும்பின் மேல் மட்டும் மெழுகு தடவுங்கள்.

சரி, காலம். ஆணி வரிசை, குதிகால் லாடம், முன்நுனித் தகடு இதெல்லாம் இருந்தாலே போர்க்காலம் என்று விற்பவர்கள் சொல்வார்கள், நம்பாதீர்கள். 1947-க்குப் பிறகும் நம் ராணுவம் இதே ஜாதி பூட்ஸைத்தான் போட்டது. அடித்தோலில் குதிகாலுக்கு முன்னால் உள்ள குறுகிய பகுதியை டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். கோழிக்கால் மாதிரி மூன்று கோட்டு அம்புக்குறியும் கூடவே ஆங்கில 'ஐ' எழுத்தும் இருந்தால் பிரிட்டிஷ் இந்திய ராணுவச் சரக்கு. பக்கத்தில் ஆண்டும் இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். அழிந்திருந்தால் மேல்தோலின் உள்பக்கமும் ஒரு பார்வை பாருங்கள்.

உள்ளே துவைத்த பருத்தித் துணியைத் திணித்து, துணிப்பையில் போட்டு பீரோவில் வையுங்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், மழைக்காலத்தில் உள்ளேயே வியர்க்கும். காலில் மட்டும் மாட்டிப் பார்க்காதீர்கள், தையல் நூல் தாங்காது.