சாவின் வாசல்வரை போய்த் திரும்பினால் ஒரு நாத்திகருக்குக் கடவுள் நம்பிக்கை வந்துவிடுமா?

எனக்கு வரவில்லை. இதே கேள்வியை ஊரில் பலர் என் முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறார்கள். அப்போதெல்லாம் ஒரு வரியில் சொல்லி நகர்ந்துவிடுவேன். இங்கே முழுசாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

குமரி மாவட்டத்தில் குளச்சலுக்கு மேற்கே ஒரு கடற்கரை ஊர் என்னுடையது. மீன்பிடிக் குடும்பம், கத்தோலிக்கக் குடும்பம். மாதா கோவிலை நாங்கள் கோவில் என்றுதான் சொல்வோம். கடலிலிருந்து திரும்பும்போது கோவில் கோபுரத்தை வைத்துத்தான் கரையை அடையாளம் பார்ப்போம். நாலு வயதிலேயே செபமாலை எனக்கு மனப்பாடம். நாகர்கோவிலில் கல்லூரி படிக்கும்போதுதான் நம்பிக்கை போனது. பழைய புத்தகக் கடை ஒன்றில் பகத்சிங்கின் 'நான் நாத்திகன் ஏன்?' கிடைத்தது. தமிழில் பெயர்த்தவர் எங்கள் மாவட்டத்துப் பூதப்பாண்டிக்காரர், பொதுவுடைமைத் தலைவர் ஜீவா. அந்த மொழிபெயர்ப்புக்காக ஆங்கிலேய அரசு அவரைக் கைது செய்தது. ஒரே இரவில் படித்து முடித்தேன். அதற்குப் பிறகு வீட்டில் மாலைச் செபத்துக்கு நான் உட்காரவில்லை. அம்மாவோடு தினமும் வாக்குவாதம். "செபம் சொல்லிச் சொல்லித்தான் நம்ம ஆட்கள் எதையும் கேட்டு வாங்கப் பழகல" என்பேன். அன்றைக்கு அது எனக்குப் பெரிய வாதமாகத் தெரிந்தது.

2017 நவம்பர் 29 மதியம், சித்தப்பாவின் ஃபைபர் வள்ளத்தில் நான்கு பேர் போனோம். சித்தப்பா, அவருடைய மகன், பக்கத்து வீட்டு அண்ணன், நான். வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருந்த நாட்கள் அவை. சும்மா இருக்க வேண்டாமே என்று கடலுக்குப் போய்க்கொண்டிருந்தேன். 30ஆம் தேதி விடிவதற்கு முன்பே காற்று திசை மாறி அடிக்கத் தொடங்கியது. அதுதான் ஒக்கி புயல். அந்தப் பெயரைக்கூட நான் பிறகு மருத்துவமனையில்தான் கேள்விப்பட்டேன். காலை பத்து மணி வாக்கில் எஞ்சினுக்குள் தண்ணீர் ஏறி நின்றுவிட்டது. அடுத்த பெரிய அலையில் வள்ளம் கவிழ்ந்தது.

கவிழ்ந்த அந்த நொடியில் என் வாயிலிருந்து வந்த வார்த்தை "மாதாவே". இதை நான் மறைக்கப் போவதில்லை. கேட்பவர்கள் இந்த இடத்தில் நிறுத்தி, "பார்த்தாயா?" என்பார்கள். இடறி விழும்போது "அம்மா" என்கிறோமே, அந்த வகைதான் அது. நாலு வயதில் படிந்த சொல், மூளையைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றைப் பிறகு படித்தபோது எனக்கு இது தெளிவாகப் புரிந்தது. தங்கள் சாவைப் பற்றி எழுதச் சொன்ன பிறகு, மத நம்பிக்கை இல்லாதவர்களிடம் கேள்வித்தாளைக் கொடுத்தால் முன்னைவிட உறுதியாகவே "நம்பவில்லை" என்றார்கள். ஆனால் பொத்தானை அழுத்தி உண்டு, இல்லை என்று சட்டெனச் சொல்ல வேண்டிய சோதனையில் அவர்களுக்கே "இல்லை" என்று அழுத்தக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடித்தது. இரண்டுமே ஒரே ஆளுக்குள் இருக்கலாம் என்பதை நான் தண்ணீரில் கிடந்து தெரிந்துகொண்டேன்.

கவிழ்ந்த வள்ளத்தைச் சுற்றி ஒரு கயிற்றை எப்படியோ இழுத்துக் கட்டினோம். ஆளுக்கொரு பக்கம் அதைப் பிடித்துக்கொண்டு கிடந்தோம். அடிப்பாகம் முழுக்க வழுக்கல். ஒவ்வொரு அலைக்கும் உடம்பு சறுக்கும், கயிறு உள்ளங்கையை அறுக்கும், அறுந்த இடத்தில் உப்பு ஏறும். அந்தப் பகல் முழுக்க நான் கடவுளைப் பற்றி ஒரு தடவைகூட நினைக்கவில்லை. அடுத்த அலை எப்போது, கை எங்கே, வாயை எப்போது மூட வேண்டும், அவ்வளவுதான். ஆபத்தில் இருப்பவன் உள்ளுக்குள் பெரிய விசாரணை நடத்துவான் என்று கரையில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். எனக்கு அதற்கு நேரமே இருக்கவில்லை.

இருட்டிய பிறகு ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. காற்று இரைச்சலில் பேச்சும் கேட்காது. அப்போது சித்தப்பா தொண்டை கிழிய செபமாலை சொல்லத் தொடங்கினார். செபமாலையில் முதல் பாதியை ஒருவர் சொல்ல, மறு பாதியை மற்றவர்கள் சொல்ல வேண்டும். "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று அவர் கத்துவார். நாங்கள் மூவரும் "தூய மரியே" என்று தொடங்கி, "இப்பொழுதும் எங்கள் இறப்பின் வேளையிலும் வேண்டிக்கொள்ளும்" என்று முடிக்க வேண்டும். நான் முதலில் சொல்லவில்லை. பழைய பிடிவாதம். அவர் நிறுத்திவிட்டு என் பெயரைச் சொல்லிக் கத்தினார்: "லேய் மக்கா, சத்தம் குடு. ஒறங்கிட்டேன்னு நெனச்சுருவேன்."

அதற்குப் பிறகு சொன்னேன். செபமாலையின் ஒவ்வொரு மணிக்கும் சொன்னேன். நான் மாதாவிடம் பேசவில்லை, சித்தப்பாவுக்குப் பதில் கொடுத்தேன். அவர் மாதாவிடமும் பேசினார், எங்களை எண்ணவும் எண்ணினார். அந்த இருட்டில் எங்களிடம் இருந்த ஒரே வருகைப் பதிவேடு அதுதான். விடியும் முன்பு எப்போதோ, பதிலில் ஒரு குரல் குறைந்தது. சித்தப்பா அடுத்த மணிக்குப் போகாமல் மகனின் பெயரைக் கூப்பிட்டார். திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்.

டிசம்பர் 1 மதியம் விசைப்படகு ஒன்று எங்களைப் பார்த்துத் திரும்பி வந்து தூக்கியது. அவர்களும் புயலில் அடிபட்டவர்கள்தான். தங்கள் வலையை வெட்டிவிட்டு உயிர் தப்பி வந்துகொண்டிருந்தார்கள். இருந்த கொஞ்சம் குடிதண்ணீரையும் எங்களுக்கே கொடுத்தார்கள். திருவனந்தபுரத்தில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். அம்மா வந்து என் கட்டுப்போட்ட கையைப் பிடித்துக்கொண்டு அழுதபடி, "மாதா ஒன்னத் திருப்பித் தந்துட்டா மக்கா" என்றார். கட்டிலின் மறுபக்கம் சித்தி நின்றிருந்தார். அவர் முகத்தை நான் பார்த்தேன். அம்மாவும் பார்த்தார். அதற்குப் பிறகு இன்றுவரை அம்மா அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

எனக்கு நம்பிக்கை வராததற்குக் காரணம் கேட்டால் அந்தக் கட்டிலோரம்தான். என்னைக் காப்பாற்றியவர் என்று ஒருவரைச் சொன்னால், இரண்டு கை தூரத்தில் கிடந்த தம்பியை விட்டவரும் அவர்தான் என்றாகிறது. என் நன்றி அந்த விசைப்படகுக்காரர்களுக்கு. 2006இல் பெருந்தமனி கிழிந்து, ஒன்பது மணி நேர அறுவை சிகிச்சையில் பிழைத்த டேனியல் டென்னெட் என்ற தத்துவவாதியும் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும்தான் நன்றி சொல்லி எழுதினார். பகத்சிங்குக்கு எங்களைப் போல அலை இல்லை, யோசிக்க நேரம் நிறையவே இருந்தது. லாகூர்ச் சிறையில் 1930 அக்டோபரில், தீர்ப்பு என்னவென்று தெரிந்தே எழுதினார். கடைசி நாட்களில் நீயும் நம்பத் தொடங்குவாய் என்று சொன்னவரிடம் மாட்டேன் என்று மறுத்தார். ஆகவே ஆபத்து வந்தாலே நாத்திகம் கரைந்துவிடும் என்பது உண்மையில்லை.

நம்புகிறவரின் நம்பிக்கைதான் எங்கள் வீட்டில் உடைந்தது. 2004 சுனாமியில் எத்தனையோ உடல்களைச் சுமந்துவிட்டு, அடுத்த ஞாயிறே பூசைக்குப் போனவர் சித்தப்பா. மகன் போன பிறகு இரண்டு வருடம் கோவில் படியை மிதிக்கவில்லை. அந்த இரண்டு வருடமும் நான் அவரிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. முன்பிருந்த நானாக இருந்தால் பேசியிருப்பேன். ஒரு ஆள் நம் பக்கம் வந்தார் என்றுகூட நினைத்திருப்பேன். அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு கனக்கிறது.

மாறியது இதுதான். டிசம்பர் 7ஆம் தேதி, காணாமல் போனவர்களைத் தேடச் சொல்லி ஆயிரக்கணக்கானோர் குழித்துறை ரயில் நிலையத்துக்கு நடந்தே போய்த் தண்டவாளத்தில் உட்கார்ந்தோம். பங்குச் சாமியார்களும் கூட வந்தார்கள். அம்மா ஜல்லிக்கல்லின் மேல் உட்கார்ந்து செபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். கோஷம் எழும்பும்போது மாலையை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, எல்லோரோடும் சேர்ந்து கை உயர்த்திக் கத்துவார். அது அடங்கியதும் விட்ட மணியிலிருந்து தொடர்வார். செபம் சொல்கிறவர்கள் எதையும் கேட்டு வாங்கமாட்டார்கள் என்று எத்தனை வருடம் அவரிடம் வாதாடியிருக்கிறேன்! அன்று பக்கத்தில் உட்கார்ந்து, வெயிலுக்குத் துண்டை விரித்து அவர் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டேன்.

மூன்றாம் வருட நினைவு நாளில் சித்தப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கோவிலுக்குப் போகவேண்டும், கூட வா என்றார். தயங்கினேன். "நீ செபிக்கமாட்டேன்னு எனக்குத் தெரியும் மக்கா. அவன் பேரு வாசிக்கும்போது எழும்பி நில்லு, போதும்" என்றார்.

ஒவ்வொரு வருடமும் போகிறேன். பெயர் வாசிக்கும்போது அவர் பக்கத்தில் எழும்பி நிற்கிறேன்.