கொரியாக்காரர்கள் கொடி பிடிக்க மாட்டார்களா?

வணக்கம் சார்,

ஒரகடம் பக்கம் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் கான்ட்ராக்ட்டில் இருக்கிறேன். மேலே இருப்பவர்கள் எல்லாம் கொரியாக்காரர்கள். போன வாரம் கேன்டீனில் யூனியன் பேச்சு வந்தபோது எங்கள் ஹெச்.ஆர்., "கொரியர்களுக்கு கம்பெனிதான் குடும்பம், அவர்கள் கொடி பிடிப்பதே இல்லை, அதனால்தான் இவ்வளவு சீக்கிரம் முன்னேறினார்கள்" என்றார். எனக்கு பதில் சொல்லத் தெரியவில்லை. சாம்சங் ஸ்டிரைக்கை இங்கே பார்த்தோம். அங்கே உண்மையில் எப்படி? கான்ட்ராக்ட் ஆட்கள் நிலைமை என்ன?

சரவணன்

அன்புள்ள சரவணன்,

உங்கள் ஹெச்.ஆர். ஒரு கம்பெனியை மட்டும் மனதில் வைத்துப் பேசியிருந்தால் பாதி சரி. சாம்சங் பல பத்தாண்டுகள் சங்கமே இல்லாமல் நடந்தது, அதைக் கொள்கையாகவே வைத்திருந்தார்கள், 2020 மே மாதம்தான் சாம்சங் துணைத் தலைவர் லீ ஜே-யோங் மக்கள் முன் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டு இனி அப்படி இருக்காது என்றார். சாம்சங் எலக்ட்ரானிக்ஸில் முதல் வேலைநிறுத்தம் நடந்தது 2024இல். அதே ஆண்டு செப்டம்பரில்தான் சுங்குவார்சத்திரத்தில் நம் ஆட்கள் 37 நாள் வெளியே உட்கார்ந்தார்கள். ஆனால் சாம்சங்கை வைத்து மொத்த கொரியாவையும் அளந்தால் கணக்கு தப்பிவிடும்.

1953லேயே அங்கே தொழிலாளர் சட்டம் வந்துவிட்டது. நாளுக்கு எட்டு மணி நேரம் என்று அதில் எழுதியிருந்தது. எழுதியிருந்தது, அவ்வளவுதான். சியோலில் சோங்கியே ஓடைக் கரையில் பியோங்வா சந்தை என்று ஒரு ஜவுளிச் சந்தை இருந்தது. அதன் மாடிகளில் நெருக்கியடித்துத் தையல் பட்டறைகள். உயரத்தின் நடுவே பலகை அடித்து ஒரு தளத்தை இரண்டாக்கியிருந்ததால் உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது, துணித்தூசி போக வழி கிடையாது. திருப்பூரில் கைமடி என்பார்களே, தையல்காரருக்கு எடுபிடி, அந்த வேலைக்கு வந்த பதின்மூன்று பதினான்கு வயதுப் பெண்பிள்ளைகள் அங்கே நாளுக்கு 14 மணி நேரம் குனிந்தபடி இருந்தார்கள். அங்கே கட்டிங் பார்த்த ஜியோன் தே-இல் என்ற இளைஞர் தன் பஸ் காசில் அந்தப் பிள்ளைகளுக்குப் பலகாரம் வாங்கிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தே போவார். இப்படி ஒரு சட்டம் இருக்கிறது என்று தெரிந்ததும் புத்தகத்தை வாங்கினார். சீன எழுத்துகள் நிறைந்த அந்த நூல் அவருக்குப் பாதி புரியவில்லை, காலேஜ் படித்த நண்பன் ஒருவன் இருந்தால் நன்றாயிருக்குமே என்று ஏங்கினார். தொழிலாளர்களிடம் கேள்வித்தாள் கொடுத்துக் கணக்கெடுத்தார், அரசு அலுவலகத்துக்கு மனு போட்டார், பத்திரிகையிலும் செய்தி வந்தது. ஒன்றும் அசையவில்லை. 1970 நவம்பர் 13 அன்று அந்தச் சட்டப் புத்தகத்தை எரிக்கும் போராட்டத்துக்கு நாள் குறித்தார்கள், போலீஸ் பதாகைகளைப் பிடுங்கியது. அவர் தன்மேலேயே தீ வைத்துக்கொண்டார். "நாங்கள் இயந்திரங்கள் அல்ல, தொழிலாளர் சட்டத்தைக் கடைப்பிடியுங்கள்" என்பதுதான் அன்று அவர் எழுப்பிய முழக்கம். வயது 22. புதிய சட்டம் வேண்டும் என்றுகூட அவர் கேட்கவில்லை. இருப்பதை நடைமுறைப்படுத்துங்கள் என்றுதான் கேட்டார்.

அவருடைய அம்மா லீ சோ-சொன் மகன் விட்ட இடத்திலிருந்து சங்க வேலைகளை எடுத்துக்கொண்டு 2011இல் சாகும்வரை விடவில்லை. அந்த அம்மாவைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

எழுபதுகளில் அந்த நாட்டுச் சங்கங்களைத் தாங்கியது பெரும்பாலும் பெண்கள். 1979 ஆகஸ்டில் ஒய்.ஹெச். என்ற விக் (பொய்முடி) கம்பெனியை மூடியபோது அங்கே வேலை பார்த்த பெண்கள் எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் போய் உட்கார்ந்தார்கள். போலீஸ் உள்ளே புகுந்து அடித்ததில் கிம் கியோங்-சுக் என்ற பெண் இறந்தார். அவர்களுக்கு இடம் கொடுத்த எதிர்க்கட்சித் தலைவர் கிம் யங்-சாமைச் சில வாரங்களில் நாடாளுமன்றத்தை விட்டே நீக்கினார்கள், அவருடைய சொந்தப் பகுதியான பூசானில் கலவரம் வெடித்தது, அக்டோபர் 26 அன்று அதிபர் பார்க் சுங்-ஹீயை அவருடைய உளவுத்துறைத் தலைவரே சுட்டுக் கொன்றார். விக் கம்பெனிப் பெண்கள்தான் ஆட்சியைக் கவிழ்த்தார்கள் என்று சொன்னால் மிகை. ஆனால் அவர்களை விட்டுவிட்டு அந்த மூன்று மாதக் கதையைச் சொல்ல முடியாது.

அப்புறம் 1987. ஜூனில் மாணவர்களும் நடுத்தர வர்க்கமும் தெருவில் இறங்கி நேரடி அதிபர் தேர்தலை வாங்கினார்கள், ஜூலையிலிருந்து தொழிற்சாலைகள் வெடித்தன. அந்த ஓராண்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வேலைநிறுத்தங்கள். ஹூண்டாய் குழுமத்தின் முதல் சங்கத்தை உல்சானில் ஒரு டிஸ்கோ கூடத்தில் கூடி ரகசியமாகத் தொடங்கினார்கள். அங்கே அவர்கள் வைத்த கோரிக்கைகளில் சம்பளத்தோடு ஒன்று, முடியை எங்கள் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ள விடுங்கள் என்பது. கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவனைக்கூட கேட்டில் நிறுத்தி, முடி நீளம் என்று கிராப்பை வெட்டிவிட்டு உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஆகஸ்ட் 18 அன்று டிப்பர் லாரிகளும் ஃபோர்க்லிஃப்டுகளும் முன்னால் போக, நாற்பதாயிரம் பேர் ஊருக்குள் நடந்தார்கள். கம்பெனிதான் குடும்பம் என்றால், வளர்ந்த பிள்ளைகள் அப்பாவுக்குப் பதில் சொல்லத் தொடங்கிய ஊர்வலம் அது.

இதுவரை கதை நேராகப் போகிறது. எனக்கு உறுத்துவது இதற்குப் பிறகு வருவதுதான், உங்கள் கேள்வியும் அங்கேதான் இருக்கிறது.

1996 டிசம்பர் 26, விடிவதற்கு முன், ஆளுங்கட்சி உறுப்பினர்களை மட்டும் பஸ்ஸில் ஏற்றிவந்து ஏழே நிமிடத்தில் ஆட்குறைப்பை எளிதாக்கும் சட்டத்தை நிறைவேற்றினார்கள். அப்போதைய அதிபர் யார் தெரியுமா, விக் கம்பெனிப் பெண்களுக்கு இடம் கொடுத்துப் பதவியிழந்த அதே கிம் யங்-சாம். நாடு தழுவிய பொது வேலைநிறுத்தத்தில் சட்டத்தைத் திருத்த வேண்டியதாயிற்று. ஆனால் 1997 கடைசியில் நிதி நெருக்கடி வந்து, ஐ.எம்.எஃப். கடன் வந்து, 1998 பிப்ரவரியில் ஆட்குறைப்பு சட்டபூர்வமானது. கூடவே ஏஜென்சி மூலம் ஆள் எடுக்கவும் சட்டம் வந்தது.

அந்த ஆகஸ்டில் உல்சான் ஹூண்டாய் மோட்டாரில் பல ஆயிரம் பேரை அனுப்பப் பார்த்தார்கள், சங்கம் 36 நாள் போராடி அதை 277 ஆகக் குறைத்தது. பெரிய வெற்றி என்றுதான் படிக்கத் தோன்றும். அந்த 277இல் 144 பேர் கேன்டீனில் வேலை பார்த்த பெண்கள். போராட்டம் நடந்த நாள்களில் அத்தனை பேருக்கும் சமைத்துப் போட்டவர்கள் அவர்கள்தான். நாட்டிலேயே பலமான சங்கம் தன் உறுப்பினர்களில் யாரை விட்டுக்கொடுக்கலாம் என்று கணக்குப் பார்த்து, இவர்களைக் கொடுத்தது. அடுத்த மாதம் இருங்காட்டுக்கோட்டையில் சான்ட்ரோ வெளியே வந்தது.

அதற்குப் பின் அங்கே தொழிலாளி இரண்டு ஜாதியானான். இடது சக்கரத்தை பெர்மனன்ட் மாட்டுவார், வலது சக்கரத்தை கான்ட்ராக்ட் ஆள் மாட்டுவார், சம்பளம் வேறு என்று அவர்களே கசப்போடு சொல்வார்கள். 2010இல் உச்ச நீதிமன்றம் இது சட்டவிரோதம், அந்த கான்ட்ராக்ட் ஆள் ஹூண்டாயின் ஊழியர்தான் என்று ஒரு வழக்கில் சொன்னது, ஆனாலும் மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கோர்ட் ஏற வேண்டியிருந்தது. ஜியோன் காலத்தில் முதலாளி யார் என்பதில் சந்தேகம் கிடையாது, தையல் மெஷினுக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பார். இப்போது முதலாளி யார் என்பதை நிரூபிப்பதே பாதிப் போராட்டம். 2022இல் கோஜே தீவுக் கப்பல் கட்டும் தளத்தில், வெட்டிய முப்பது சதவீதக் கூலியைத் திருப்பிக் கேட்ட கான்ட்ராக்ட் வெல்டர் ஒருவர், ஒரு மீட்டர் இரும்புக் கூண்டுக்குள் தன்னை வைத்து வெல்டிங் செய்துகொண்டு 31 நாள் கிடந்தார். உன் முதலாளி நான் இல்லை என்று சொல்லிவந்த தாய்க் கம்பெனி, முடிந்ததும் சங்கத் தலைவர்கள்மேல் 4,700 கோடி வோன் நஷ்டஈடு வழக்குப் போட்டது.

நஷ்டஈடு வழக்கு அங்கே பழைய ஆயுதம். சாங்யோங் மோட்டாரில் 2009இல் 77 நாள் ஆலையைப் பிடித்து வைத்திருந்தவர்கள் 470 கோடி வோன் கட்ட வேண்டும் என்று 2013இல் தீர்ப்பு வந்தது. அதற்குள் அந்தக் கம்பெனி நம்மூர் மஹிந்திரா கைக்கு வந்திருந்தது. அந்தச் செய்தியைப் படித்த ஒரு வாசகி 47,000 வோனைக் கவரில் வைத்து ஒரு வார இதழுக்கு அனுப்பினார், ஒரு லட்சம் பேர் இப்படிக் கொடுத்தால் தீர்ந்துவிடுமே என்று. அது பெரிய இயக்கமானது. முன்பு சம்பளம் மஞ்சள் கவரில் வந்த நினைவில் அதற்கு மஞ்சள் கவர் என்றே பெயர். அந்தப் பெயரிலேயே பேசப்பட்ட சட்டத்தை முந்தைய அதிபர் யூன் இரண்டு முறை தடுத்தார், கடைசியில் 2025 ஆகஸ்ட் 24 அன்று நிறைவேறியது. அமலாகும் தேதி 2026 மார்ச் 10. வேலை நிலைமையை உண்மையில் யார் கட்டுப்படுத்துகிறாரோ, கையெழுத்துப் போட்ட காகிதம் இல்லாவிட்டாலும், பேச்சுவார்த்தைக்கு அவர்தான் முதலாளி என்கிறது. நஷ்டஈட்டுக்கும் வரம்பு வைக்கிறது.

உங்கள் கம்பெனிக்கு அது செல்லாது, கொரிய எல்லைக்குள் மட்டும்தான். அங்கேயும் "உண்மையில் கட்டுப்படுத்துகிறார்" என்பதற்கு என்ன அர்த்தம் என்று பெரிய கம்பெனிகளின் வக்கீல்கள் ஒவ்வொரு ஆலையிலும் பல வருடம் வாதாடுவார்கள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அவர்கள் இனி வாதாட வேண்டியது, வெல்டருக்கு வேலை நேரம், ஷிப்ட், கூலி எதையும் தாங்கள் தீர்மானிக்கவில்லை என்று. அது லேசுப்பட்ட காரியமாக இருக்காது.